ஏழாவது பிக்கப்

கொட்டாஞ்சேனையில் ஓர் ஒழுங்கையின் முடிவில், பச்சைக் கேற் போட்ட வீட்டு முற்றத்தில், சிவமணி கணவன் கழற்றிக் கொடுத்த சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கணவன் ஸ்ரீஸ்கந்தராசா நீலநிற பிக்கப் ஒன்றின் கீழே மல்லாந்து கிடந்தான். வெளியே தெரிந்தவை அவனுடைய இரண்டு பாதங்கள்தான். அவற்றைப் பார்த்தே உள்ளே என்ன நடக்கிறது என்று அவளால் சொல்ல முடிந்தது. பெருவிரல் நெளிந்தால் ஏதோ குறை அகப்பட்டுவிட்டது. பாதங்கள் சும்மா கிடந்தால் இன்னும் தேடுகிறான்.

சட்டைப் பையில் அவனுடைய அடையாள அட்டையும் பொலிஸ் பதிவுத் துண்டும் சாரதி லைசென்ஸும் ஒரே பிளாஸ்ரிக் உறைக்குள் இருந்தன. அதனால் அவள் அந்தச் சட்டையை, தூங்கிப்போன குழந்தையைத் தூக்கி வைத்திருப்பதுபோல மார்போடு அணைத்திருந்தாள்.

இது அவர்கள் பார்க்க வந்த ஏழாவது பிக்கப். முதலாவது கல்கிசையில். றேடியேற்றர் மூடியைத் திறந்தபோது தண்ணீரின் மேல் எண்ணெய் மினுங்கியது. இரண்டாவது பம்பலப்பிட்டியில் ஒரு டொக்டருடையது. பூச்சுக்குக் கீழே தகரத்தைவிட, நெளிவை அடைக்கப் பூசும் புட்டிதான் அதிகம். மூன்றாவதின் அடிச்சட்டத்தில் வெட்டியிருந்த சஸி இலக்கத்தை யாரோ அராவியிருந்தார்கள். நாலாவதும் ஐந்தாவதும் புகை. ஆறாவதில் சொல்லும்படியான குறை ஒன்றுமே இல்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில், "விக்கிற ஆளின்ர முகம் எனக்குப் பிடிக்கேல்லை" என்றான் ஸ்ரீஸ்கந்தராசா. பிக்கப்புக்கு முகம் பார்த்த முதல் மனிதன் இவனாகத்தான் இருக்கும் என்று சிவமணி நினைத்தாள். சொல்லவில்லை.

சொல்லாததற்குக் காரணம் இருந்தது. ஐந்தாவது பிக்கப்பைப் பார்க்கப் போனபோதே அவளுக்கு ஒன்று விளங்கியிருந்தது. அவன் சில்லைத் தட்டுகிறான், அடியில் படுக்கிறான், ஒயில் கம்பியை இழுத்து மணக்கிறான். ஆனால் ஒரு தடவைகூட ஸ்ரியறிங்குக்குப் பின்னால் ஏறி உட்காரவில்லை. "நீங்கள் ஒருக்கா ஓடிக் காட்டுங்கோ" என்று விற்கிறவரையே ஏற்றிவிட்டு, பக்கத்துச் சீற்றில் காதைச் சாய்த்தபடி இருந்துகொள்கிறான்.

யாழ்ப்பாணத்தில் பதினெட்டு வயதிலிருந்து லொறி ஓடியவன். இடம்பெயர்ந்து கொழும்புக்கு வந்த பிறகும் ஓர் இரும்புக் கடைக்கு லொறி ஓடினான். போன வருடம், தொண்ணூற்றாறில், ஒரு மாலை சோதனைச் சாவடியில் அவனை இறக்கினார்கள். லொறியில் இருந்தவை வெறும் தண்ணீர்க் குழாய்கள். ஆனாலும் நாற்பத்தொரு நாள் உள்ளே வைத்திருந்தார்கள். வெளியே வந்தபின் சாப்பிட்டான், கதைத்தான், பகிடி விட்டால் சிரித்தான். வாகனம் ஓடுவதை விட்டுவிட்டான். வீட்டுக்காரரின் காரை ஒழுங்கைக்குள் கொஞ்சம் பின்னால் எடுத்துவிடக் கேட்டாலும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நாரிப் பிடிப்பு என்று சொல்லிவிடுவான்.

அவர்கள் வெள்ளவத்தையில், கடல் பக்கத்து ஒழுங்கை ஒன்றில், ஓர் அறையில் இருந்தார்கள். சிவமணி காலி வீதியில் வெளிநாட்டு அழைப்பு எடுத்துக் கொடுக்கும் கடையில் வேலை செய்தாள். மாசி மாதத்தில் ஒரு நாள், எதிர் வீட்டார் கட்டிலையும் காஸ் சிலிண்டரையும் தள்ளுவண்டியில் ஏற்றி வேறு அறைக்கு மாறிப் போவதை யன்னலால் பார்த்துக்கொண்டு நின்ற ஸ்ரீஸ்கந்தராசா, "ஒரு பிக்கப் இருந்தால் இந்த வெள்ளவத்தைக்குள்ளையே ஓடிப் பிழைக்கலாம்" என்றான். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. சிவமணி அந்த வசனத்தைக் கீழே விழவிடாமல் ஏந்திக்கொண்டாள். கனடாவில் இருக்கும் அவனுடைய அக்காவிடம் கதைத்தாள். அக்கா பணம் அனுப்பினார். பிக்கப் தேடத் தொடங்கினார்கள்.

நேற்று அவன் சொல்லியிருந்தான்: "இதுவும் சரிவராட்டி விடுவம், சிவமணி. அக்காவின்ர காசைத் திருப்பி அனுப்புவம்."

அதனால்தான் இன்றைக்கு அவள் கடைக்கு லீவு சொல்லிவிட்டு, அவனுடைய பெருவிரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவை நெளியவே இல்லை.

பிக்கப்பின் சொந்தக்காரர் ஹியூபேட் வாசற்படியில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு இருந்தார். அறுபது வயதிருக்கும். துறைமுகத்தில் வேலை செய்து, விட்ட பிறகு இந்தப் பிக்கப்பில் ஐஸும் மீன்பெட்டியும் கோயில் திருநாளுக்குக் கதிரைகளும் ஏற்றி ஓடியவர்.

"தம்பி," என்றார் பாதங்களைப் பார்த்து, "கலியாணத்துக்குப் பொம்பிள பாக்கவும் இப்பிடித்தான் போனீங்களா?"

சிவமணிதான் சொன்னாள்: "என்னைப் பாக்கவே வரேல்லை அங்கிள். போட்டோவை மட்டும் பாத்திட்டு ஓம் எண்டவர்."

"அப்ப போட்டோவயும் இந்த ஒயில் கம்பி மாதிரி நல்லா மணந்து பாத்திருப்பார்."

உள்ளேயிருந்து அவருடைய மனைவி பேர்ணடெற் சிரிக்கிற சத்தம் கேட்டது. "அந்தப் புள்ளைய வெயில்ல நிக்க வச்சுக்கிட்டு என்ன கத? பிளேன்ரீ ஊத்துறேன், உள்ள வரச் சொல்லுங்க."

ஸ்ரீஸ்கந்தராசா ஊர்ந்து வெளியே வந்தான். முதுகெல்லாம் மண். காற்சட்டைப் பையிலிருந்து, பழைய றேடியோ ஸ்பீக்கரில் கழற்றித் துணியில் சுற்றிய காந்தத்தை எடுத்தான். கதவின் ஓரங்களில், சில்லுக்கு மேலே வளையும் தகரத்தில், பின் பலகையில் என்று ஒவ்வோர் இடமாக வைத்தான். புட்டி பூசிய இடத்தில் காந்தம் பிடிக்காது. இந்தப் பிக்கப்பில் வைத்த இடமெல்லாம் 'டக்' என்று ஒட்டிக்கொண்டது. ஒவ்வொரு 'டக்'குக்கும் சிவமணியின் மனம் ஒரு படி ஏறியது. அவனுடைய முகம் ஒரு படி இறங்கியது. அவன் பொனற்றைத் தொட்டுப் பார்த்தான். குளிர்ந்து கிடந்தது. விற்கிறவர்கள் சிலர் ஆள் வருவதற்கு முன்னமே எஞ்சினை ஓடவிட்டுச் சூடாக்கி வைப்பார்கள். குளிரில் ஸ்ராட் வராத நோய் அப்போது தெரியாது. ஹியூபேட் அந்த வேலையும் செய்யவில்லை.

"நல்லாத்தான் வைச்சிருக்கிறியள்" என்றான் கடைசியில். குறை சொல்லுகிற குரலில் சொன்னான். "ஒருக்கா ஓடிக் காட்டுங்கோவன்."

ஹியூபேட் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். வலக்கண் சிவந்து, நீர் கோத்து, பாதி மூடியிருந்தது.

"ஒப்பரேஷன் செஞ்சு ரெண்டு கிழம. மத்தக் கண்ணும் இனிச் செய்யணும். நான் ஓடினா நேரா வந்து கோயில் சுவர்லதான் நிப்பேன். கண்ணு நல்லா இருந்தா நான் ஏன் தம்பி இத விக்கிறேன்? நீங்களே எடுத்துட்டு ஒரு சுத்துச் சுத்திட்டு வாங்க."

வளையத்தில் கோத்த திறப்பை நீட்டினார். ஸ்ரீஸ்கந்தராசா கையிலிருந்த எண்ணெய்க் கறையைத் துணியில் துடைத்தான். துடைத்து முடிந்த பிறகும் துடைத்தான்.

"வேறை ஆர் ஓடுற ஆக்கள் பக்கத்திலை இல்லையோ?"

"முன் வீட்டு றேமண்ட் ஓடுவான். நீர்கொழும்புக்குப் போய்ட்டான்."

"அப்ப பிறகு ஒரு நாளைக்கு வாறம். எஞ்சின் ஓடிப் பாக்காமல் முடிவு சொல்லேலாதுதானே."

இந்தப் 'பிறகு ஒரு நாள்' எங்கே போய் முடியும் என்று சிவமணிக்குத் தெரியும். நாளைக்கு அவள் வேலை செய்கிற அதே கடையின் தொலைபேசியில், அவளுடைய கையாலேயே இலக்கத்தை அழுத்தி, 'அக்கா, சரிவரேல்லை' என்று சொல்ல வேண்டிவரும்.

அவள் சட்டையைக் கணவனின் கையில் கொடுத்தாள். ஹியூபேட்டின் கையிலிருந்த திறப்பை வாங்கினாள். பிக்கப்பின் கதவைத் திறந்து, சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஓட்டுநர் சீற்றில் ஏறி இருந்தாள்.

"என்ன செய்யிறீர்?" என்றான் அவன்.

"எஞ்சின் கேக்கவேணும் எண்டனீங்கள்தானே. போட்டுக் காட்டுறன்."

"உமக்கு என்ன தெரியும்?"

"திறப்புப் போட்டுத் திருப்பிறதுதானே. எங்கட கடை ஷட்டரை விடவா இது கஷ்டம்?"

திருப்பினாள். எஞ்சின் 'கிர்... கிர்... கிர்' என்று முனகியது. பற்றவில்லை. மீண்டும் திருப்பினாள். முனகல் இன்னும் தளர்ந்தது. பின்னால் குழாயிலிருந்து வெள்ளைப் புகை கொஞ்சம் வந்து நின்றது.

"விடும்! விடுமப்பா! பற்றறி இறங்கப் போகுது!" ஸ்ரீஸ்கந்தராசா சட்டையைப் போட்டபடி ஓடிவந்தான். பொத்தான் பூட்ட நேரமில்லை. யன்னலுக்குள் தலையை விட்டான். "டீசல் எஞ்சின் உப்பிடி உடனை பிடிக்காது. முதல் திறப்பை அரைவாசி திருப்பும். அந்தா, செம்மஞ்சள் லைற் ஒண்டு எரியுது, தெரியுதோ? உள்ளை கம்பி சூடாகுது. அது அணையுமட்டும் பொறுக்கவேணும்."

அவள் அரைவாசி திருப்பிவிட்டுப் பொறுத்தாள். இருவரும் அந்தச் சின்ன லைற்றையே பார்த்தார்கள். அவனுடைய தாடை அவளுடைய தோளில் முட்டியது. அவள் கொஞ்சம் சரிந்தபோது முழங்கால் நடுவிலிருந்த கம்பி ஒன்றை இடித்துத் தள்ளியது. அவனிடம் மண்ணும் பழைய ஒயிலும் மணத்தன. கலியாணம் முடித்த முதல் வருடத்தில் அவன் வேலையால் வரும்போது இப்படித்தான் மணப்பான். ஒரு வருடமாக அவனிடம் இந்த மணம் இருக்கவில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

லைற் அணைந்தது. "இப்ப" என்றான்.

அவள் திருப்பினாள். பிக்கப் ஒரு பாய்ச்சல் பாய்ந்து, பேர்ணடெற்றின் குறோட்டன் சாடி ஒன்றைத் தட்டிவிட்டு நின்றது.

"ஐயோ! கியரிலை கிடக்கு!"

"கியர் எண்டால் எது?"

"தள்ளும், தள்ளும். அங்காலை இரும்."

கதவைத் திறந்து, அவளை நடுவுக்குத் தள்ளி, அவன் ஏறினான். கால் தானாகக் கிளச்சில் போயிற்று; கை தானாகக் கியரைத் தேடி ஆட்டிப் பார்த்தது; திறப்பைத் திருப்பினான். எஞ்சின் ஒரே உறுமலில் பற்றியது. முற்றம் முழுக்க அதன் சத்தம் நிரம்பியது. பிறகுதான் தான் எங்கே இருக்கிறோம் என்று அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஸ்ரியறிங்கின் மேலிருந்த கைகள் அப்படியே நின்றன.

சிவமணி மூச்சைக்கூடச் சத்தமில்லாமல் விட்டாள்.

ஹியூபேட் ஒன்றும் தெரியாதவர்போல மற்றப் பக்கக் கதவைத் திறந்து ஏறி அவளுக்கு அருகில் இருந்தார். "முகத்துவாரம் வரைக்கும் போயிட்டு வருவம்" என்றார். "அங்க போற வழியில ஒரு செக்பொயின்ற் இருக்கு. வாகனப் பதிவுப் புத்தகம் என்ர பேர்ல, டாஷ்போட்டுக்குள்ள கெடக்கு. வாகனம் யார்டதுன்னு சிங்களத்தில கேட்டா, என்னக் காட்டி 'மெயாகே' எண்டு சொல்லுங்க. இவருடையது எண்டு அர்த்தம். விளங்கினதா?"

"மெயாகே" என்றான் ஸ்ரீஸ்கந்தராசா.

"அவ்வளவுதான்."

செக்பொயின்ற் என்ற சொல்லுக்குப் பிறகு அவன் இறங்கிவிடுவான் என்று சிவமணி நினைத்தாள். அவன் இறங்கவில்லை. பொத்தான்களை ஒவ்வொன்றாகப் பூட்டினான். பையைத் தொட்டு, உறை இருக்கிறதா என்று பார்த்தான். பிக்கப் பச்சைக் கேற்றைத் தாண்டியது.

ஒழுங்கைக்குள் மெதுவாகப் போனான். றோட்டில் ஏறியதும் இரண்டாவது கியருக்குப் போட அவளுடைய முழங்கால் இடைஞ்சலாக இருந்தது. "முழங்காலை ஒதுக்கும்" என்றான். ஒதுக்கினாள். மூன்றாவதுக்கு மறுபடியும் இடித்தது. இந்த முறை அவன் அதையும் சேர்த்துத் தள்ளிக் கியரைப் போட்டான். மீன் வண்டிகளும் துறைமுகத்து லொறிகளும் நெருக்கிய றோட்டில், அவன் ஹோனைத் தொடாமலே ஒவ்வொன்றையும் விலக்கிப் போனான். அவனுடைய காது எஞ்சினிலும் கண் றோட்டிலும் இருந்தன. முகத்தில் ஏதோ பழைய வெளிச்சம் வந்து போவதை அவள் ஓரக்கண்ணால் பார்த்தாள். தூரதேசத்துக்குப் போன ஒருவன், தன் ஊர் ஸ்ரேஷனில் கோச்சி மெதுவாக நுழையும்போது யன்னலோரம் வந்து நிற்பதுபோல.

வளைவு திரும்பியதும் சாவடி தெரிந்தது. தகரப் பீப்பாய்கள், மண் மூட்டைகள், கையைத் தூக்கி மறித்துக்கொண்டு ஒரு சிப்பாய்.

பிக்கப் நின்றது. ஸ்ரீஸ்கந்தராசாவின் இடக்கை உயர்ந்து, கூரையைத் தடவி, உள் லைற்றைப் போட்டது.

இரவில் சாவடிக்கு வருகிற வாகனம் முன் லைற்றை அணைத்து, உள் லைற்றைப் போட்டு, உள்ளே இருக்கும் முகங்களைக் காட்ட வேண்டும் என்பது அந்த நாட்களின் சட்டம். கொழும்பில் வாகனம் ஓடிய தமிழனின் கைக்கு அது பழகிப்போன வேலை. ஆனால் இப்போது காலை பத்து மணி. வெயில் கண்ணைக் குத்தியது. அந்த மஞ்சள் பல்ப் வெட்கப்பட்டதுபோலக் கூரையில் எரிந்தது.

சிப்பாய் கிட்ட வந்தான். இருபது வயதுகூட இராது. லைற்றைப் பார்த்தான், வானத்தைப் பார்த்தான், பிறகு ஸ்ரீஸ்கந்தராசாவைப் பார்த்தான். "மே தவல்னே" என்றான். பகல்தானே என்று அர்த்தம். சிரிப்பு வரப்பார்த்து, வராமல் நின்றது. கையை நீட்டினான். ஸ்ரீஸ்கந்தராசா உறையைக் கொடுத்தான். சிப்பாய் அடையாள அட்டையை நெடுநேரம் பார்த்தான். அந்த நீளப் பெயரை எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை போலும்.

"மே வாகனே காகேத?"

வாகனம் யாருடையது. ஸ்ரீஸ்கந்தராசாவின் உதடு அசைந்தது.

"மகே" என்றான்.

அவள் அதிர்ந்துபோனாள். 'மெயாகே' என்றால் இவருடையது. 'மகே' என்றால் என்னுடையது. கடையில் அன்றாடம் சிங்களம் பேசுகிறவள் அவள். இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று அவளுக்குத் தெரியும். சிப்பாய் புத்தகத்தை வாங்கி விரித்தான். அதில் ஹியூபேட்டின் பெயர். சிப்பாயின் முகத்தில் நின்றிருந்த சிரிப்பு போய்விட்டது. அட்டையைப் பார்த்தான், புத்தகத்தைப் பார்த்தான். பின்னால் மண் மூட்டையோடு சாய்ந்திருந்த இன்னொரு சிப்பாய் நிமிர்ந்தான். ஸ்ரியறிங்கின் மேலே கணவனின் விரல் முட்டுகள் வெளுத்துப்போவதை அவள் கண்டாள். தன் கையை எடுத்து அவனுடைய தொடையில் வைத்தாள்.

ஹியூபேட் அவளுக்கு மேலால் சாய்ந்து, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, சிவந்த கண்ணைச் சிப்பாய்க்குக் காட்டினார்.

"ஹரி மல்லி," என்றார், சரி தம்பி என்று சிங்களத்தில், ஆற அமர. "புத்தகத்தில இருக்கிறது என்ர பேர்தான். கண்ணு போயிடுச்சு, வித்துட்டேன். அத இந்தலா மெயாகே தமயி."

இன்றிலிருந்து இவருடையதுதான். 'மெயாகே' என்று சொல்லும்போது அவருடைய விரல் ஸ்ரீஸ்கந்தராசாவைக் காட்டியது.

சிப்பாய் மூவரையும் மாறி மாறிப் பார்த்தான். பின்னால் போய், பாரம் ஏற்றும் வெறும் தட்டைப் பார்த்தான். சீற்றுக்குக் கீழே குனிந்து பார்த்தான். பிறகு புத்தகத்தையும் உறையையும் ஒன்றாகத் திருப்பிக் கொடுத்தான். அவற்றைக் கொடுத்தது ஹியூபேட்டிடம் அல்ல, ஸ்ரீஸ்கந்தராசாவிடம்.

"பரெஸ்ஸமின் யன்ன" என்றான். கவனமாகப் போங்கள்.

பிக்கப் நகர்ந்தது. சாவடி பக்கக் கண்ணாடியில் சிறுத்து மறைந்தது.

"நான் 'மெயாகே' எண்டுதானே சொன்னனான்?" என்றான் ஸ்ரீஸ்கந்தராசா.

"இல்ல தம்பி. 'மகே' எண்டீங்க."

"உண்மையாவோ?" அவன் மனைவியைப் பார்த்தான்.

"ஓம். 'மகே' எண்டுதான் சொன்னீங்கள்" என்றாள். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒரே வழியால் வந்தன. "வடிவாச் சொன்னீங்கள்."

முகத்துவாரத்தில், களனி ஆறு கடலில் விழுகிற இடத்துக்குக் கிட்ட, அவன் பிக்கப்பை ஓரமாக நிறுத்தினான். இறங்கி, பின்பக்கம் போய், தட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றான். சிவமணி இறங்கி அருகில் போனாள். பிடரியிலும் தலைமயிரிலும் இன்னும் மண் ஒட்டியிருந்தது. அவள் அதைத் தட்டத் தொடங்கினாள். தட்டி முடித்தபோது அவனுடைய மூச்சு ஒழுங்காக வந்தது.

"பாரம் தாங்கிற பின் வில்லுத்தட்டிலை ஒண்டு இளகிக் கிடக்கு" என்றான், குனிந்தபடியே. "குழியிலை விழேக்கை சத்தம் கேட்டது."

அவளுடைய கை நின்றுவிட்டது. ஏழாவதிலும் குறை.

அப்போது கரைப் பக்கமிருந்து ஒரு பெண் சேலையைச் செருகிக்கொண்டு வேகமாக வந்தாள். மீன் வியாபாரி றோஸி. இந்தப் பிக்கப்பைத் தூரத்திலேயே அடையாளம் கண்டவள்.

"ஹியூபேட் அண்ணே! கர்த்தர்தான் ஒங்கள அனுப்பியிருக்கார். வெள்ளவத்த மார்க்கற்றுக்கு ஒம்பது பெட்டி கெடக்கு. வாறேன்னு சொன்ன லொறி வரல்ல. ஐஸ் உருகுது. கொஞ்சம் ஏத்திட்டுப் போங்க."

ஹியூபேட் இறங்காமலே யன்னலால் கையை ஆட்டினார். "என்னக் கேக்காத. இவர்ட்ட கேளு. இவர்தான் முதலாளி."

றோஸி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு ஸ்ரீஸ்கந்தராசாவைப் பார்த்தாள். ஸ்ரீஸ்கந்தராசா ஹியூபேட்டைப் பார்த்தான். ஹியூபேட் ஆற்றைப் பார்த்தார், ஒரு கண்ணால். வெள்ளவத்தை வரைக்கும் நகரத்தைக் குறுக்கே வெட்டிப் போக வேண்டும். எத்தனை சாவடி என்று சிவமணி மனதுக்குள் எண்ணத் தொடங்கி, எண்ணாமல் விட்டாள்.

"ஒன்பது ஏலாது" என்றான் அவன்.

"ஏன் ஏலாது? ஹியூபேட் அண்ண பதினொண்ணு ஏத்துவார்!"

"அதுதான் வில்லுத்தட்டு இளகிக் கிடக்கு. ஆறு பெட்டி ஏத்துவன். நாளைக்கு அதை இறுக்கிப்போட்டுப் பிறகு பாப்பம்."

"எட்டு."

"ஆறு."

"ஏழு மகன். ஒண்ணு சின்னப் பெட்டி. அதுல கீரிமீன்தான், பாரமே இல்ல."

அவன் தட்டில் இரண்டு கையையும் ஊன்றி, முழுப் பாரத்தையும் கொடுத்து அமுக்கினான். குனிந்து வில்லைப் பார்த்தான். மறுபடி அமுக்கினான்.

"ஏழு. ஆனா முன்பக்கமாத்தான் அடுக்கவேணும்."

றோஸி கரையைப் பார்த்துக் கூப்பிட்டாள். இரண்டு ஆட்கள் முதல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து, தட்டின் விளிம்பில் 'தடார்' என்று வைத்தார்கள்.

"ஏய், மெதுவா! மெதுவா வையுங்கோவன்!" ஸ்ரீஸ்கந்தராசா பாய்ந்துபோய்ப் பெட்டிக்கும் தகரத்துக்கும் நடுவில் தன் கையைக் கொடுத்தான். "பெயின்ற் உரஞ்சுப்படப் போகுது!"

சிவமணி போய் முன் சீற்றின் நடுவில் ஏறி இருந்து, முழங்காலை ஒதுக்கி வைத்துக்கொண்டாள்.